நான் ஒண்ணியும் தொடலை

"திறக்க, இரண்டு விரல்களால் மேலே தள்ளவும்," என்றது போன்.

நாகப்பன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். பைக்குள் போன பிறகும் அது ஓயவில்லை. "நேரம், இரண்டு மணி பதினேழு நிமிடம். பேட்டரி, எண்பத்தொரு சதவீதம்," என்றது. கம்பெனி பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து, வல்லம் வடகாலிலிருந்து மண்ணூர்ப் பக்கம் போகிற பஸ் அது. வழக்கமாக எல்லோரும் வாயைத் திறந்தபடி தூங்குகிற நேரம்.

"இன்னா நாகப்பண்ணே, பாக்கெட்டுல யார வெச்சிகினு வர்றே?" என்று பின்சீட்டிலிருந்து பகலவன் கேட்டான். அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"இது ஒரு சனியன்பா. எடுத்ததுலேர்ந்து பேசிகினே கீது."

"எதத் தொட்டே?"

"நான் ஒண்ணியும் தொடலை. காலையில மருமக செட் பண்ணிக் குடுத்தா. உள்ள போன் கூடாதுன்னு கேட்டுல குடுத்துட்டுப் போனேன். வெளிய வந்து வாங்கனேன். வாங்கன கையோட பேச ஆரம்பிச்சிடுச்சு."

"தொடாம எந்தப் போனும் பேசாது," என்றான் பகலவன். பஸ்ஸே தலையாட்டியது.

நாகப்பனுக்கு வயது ஐம்பத்தொன்பது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், காண்ட்ராக்ட்டில், தரை துடைக்கும் மிஷினைத் தள்ளுகிற வேலை. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் காண்ட்ராக்டர் எவர்சில்வர் தூக்கு கொடுப்பார். போன ஆயுத பூஜைக்கு என்ன தோன்றியதோ, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நீலப் போன் கொடுத்தார். சும்மா கொடுக்கிறவன் கையில் ஒரு கயிறு இருக்கும், அதன் மறுமுனை நம் கழுத்தில் இருக்கும் என்பது நாகப்பனின் கட்சி. பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டார். பேச அவருக்குப் பட்டன் போன் போதும். சிம்மும் அதில்தான் இருந்தது.

கயிறு போன வாரம் இழுபட்டது. இனிமேல் கைநாட்டு மிஷின் கிடையாது, ஆப்பில்தான் வருகை என்று காண்ட்ராக்டர் ஆபீஸ் சசிரேகா கேட்டில் நோட்டீஸ் ஒட்டினாள்.

"சனிக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள மூஞ்சி பதிஞ்சிடணும் ஐயா. பதியாதவங்க பேரு அடுத்த மாச லிஸ்ட்டுல வராது. ஒரு போனுக்கு ஒரு மூஞ்சிதான், பையன் போன்ல பதியறேன், மருமக போன்ல பதியறேன்னு வராதீங்க."

இன்று வெள்ளிக்கிழமை. நாளை அவருக்கு வார லீவு. பெயர் போவதைப் பற்றி மட்டும் என்றால் நாகப்பன் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். திங்கட்கிழமை அவர் மனைவி தாயாரம்மாளுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷன். நாலு மாதம் நடந்து வாங்கிய தேதி. லிஸ்ட்டில் பெயர் இல்லாவிட்டால் கார்டு செல்லாது, கார்டு செல்லாவிட்டால் ஆபரேஷன் இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மையோ பொய்யோ, கெட்ட செய்தியை மட்டும் நாகப்பன் உடனே நம்பிவிடுவார்.

"குடு இப்பிடி," என்று பகலவன் போனை வாங்கினான். பக்கவாட்டில் இருந்த இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தான். போன் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. பஸ் கை தட்டியது.

நாகப்பன் போனை வாங்கிப் பார்த்தார். வெள்ளையாய் இருந்ததெல்லாம் கறுப்பு. கறுப்பாய் இருந்ததெல்லாம் வெள்ளை. திரையில், காண்ட்ராக்டர் கம்பெனி முத்திரையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையார், எக்ஸ்ரே படம்போல் எலும்பாய்த் தெரிந்தார்.

"இன்னாப்பா இது?"

"அது கலரு மாறிக்கிச்சு. ஒண்ணும் இல்ல, வூட்ல போய் ஆஃப் பண்ணிக்கோ," என்று சொல்லிவிட்டுப் பகலவன் தன் நிறுத்தத்தில் இறங்கிப் போனான். உதவி செய்கிறவர்களுக்கெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் நிறுத்தம் வரும்.

*

வீட்டில் தாயாரம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகன் லோகேஷும் மருமகள் அமலாவும் அமலாவின் தங்கை வளைகாப்புக்காகக் காலையிலேயே குன்றத்தூர் போய்விட்டார்கள். வர ஞாயிறு ஆகும்.

"பதிஞ்சிட்டியா?" என்றாள் தாயாரம்மாள்.

"பதியலாம் பதியலாம்."

"பேரு போச்சுன்னா கார்டு போவும், கார்டு போச்சுன்னா முட்டி போவும். அப்புறம் நீதான் தூக்கிகினு திரியணும். பாத்துக்க."

நாகப்பன் பட்டன் போனில் அமலாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒலிபெருக்கி பாடியது.

"காலையில நல்லாத்தானே மாமா செட் பண்ணிக் குடுத்தேன். எதத் தொட்டீங்க?"

"ஒண்ணியும் தொடலைம்மா."

"தொடாம எப்பிடி மாமா மாறும்? சரி விடுங்க. செட்டிங்ஸ் போங்க. பல்லு சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி."

"கீது."

"அதத் தொடுங்க."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. நாளைக்கு எதத் தொட்டேன்னு நீயே கேப்பே."

"தொடுங்க மாமா. கீழ தள்ளுங்க. தள்ளிகினே போங்க. அணுகல் தன்மைன்னு ஒண்ணு வரும்."

"இன்னாது?"

ஒலிபெருக்கி மேலும் சத்தமாய்ப் பாடியது. அமலா ஏதோ சொன்னாள். நாகப்பன் ஏதோ தள்ளினார். ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒன்றைத் தொட்டார். அது ஒரு கேள்வி கேட்டது. கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அதையும் தொட்டார்.

எழுத்தெல்லாம் உருண்டு போயிற்று. திரை முழுக்க யாரோ ஜாங்கிரி பிழிந்து வைத்தது போல் இருந்தது.

"அம்மாடி, வேற பாஷைக்குப் பூடுச்சு."

"எந்த பாஷை மாமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? தெலுங்கு இல்ல. தெலுங்குன்னா எனக்கு அடையாளம் தெரியும்."

"நீங்க எதியும் தொடாம அப்பிடியே வைங்க மாமா. நான் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க என்ன இருக்கும்? சனிக்கிழமை இரண்டு மணிக்கே கதை முடிந்துவிடும்.

தாயாரம்மாள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இந்த எழுத்த நான் பாத்துக்கீறேன். பின்னால ரூம்புல கீறானுங்களே, அவனுங்க சாமி படத்துக்குக் கீழ இப்பிடித்தான் எழுதிக்கீது."

பின்னால் ரூமில் ஆறு ஒடியா வெல்டர்கள் குடியிருந்தார்கள். வந்து ஒரு வருஷம் ஆகிறது. நாகப்பன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் தன் கொடியில் காயும் துணிகளை எண்ணிப் பார்ப்பார். ஒரு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூடக் குறையவில்லை. சாமர்த்தியமான திருடர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

"அவனுங்ககிட்டியா?" என்றார்.

"வேற யாருகிட்ட போவே? சொன்ன பேச்சக் கேக்காத போனுக்கும் உனக்கும் பொருத்தம்தான். போய்ட்டு வா."

போனார். கதவைத் திறந்தவன் ரஞ்சன். நாற்பது வயது, நரைத்த மீசை, கையில் கரண்டி. நாகப்பன் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினார்.

ரஞ்சன் பார்த்தான். முகம் மலர்ந்தது. "தாத்தா, இது ஒடியா. எங்க பாஷை." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். ஐந்து பேரும் எழுந்து வந்தார்கள். போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருவன் நாகப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்புறம்தான் நாகப்பனுக்கு விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கள்மேல் உள்ள பிரியத்தால் ஒடியா படிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"தாத்தா ரொம்ப நல்ல ஆளு," என்றான் ரஞ்சன். "நாங்க நெனைக்குது, தாத்தாக்கு எங்க மேல கோவம்."

நாகப்பனுக்குக் கொடியில் எண்ணிய துணியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இல்லையப்பா, தெரியாமல் மாற்றிவிட்டேன், தமிழாக்கிக் கொடு என்று சைகையால் சொன்னார். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். உட்கார வைத்துச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு மசியலும் போட்டார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் எழுத்து தமிழானது, பிள்ளையாருக்குச் சதை திரும்பி வந்தது.

"ஆப்பு ஏத்தணும்பா," என்று சசிரேகா கொடுத்திருந்த, கட்டம்போட்ட க்யூ.ஆர். சீட்டை நீட்டினார்.

ரஞ்சன் தன் போனிலிருந்து நெட் கொடுத்து, சீட்டைப் படம் பிடித்து, எதையோ இறக்கினான். பாதியில் சிவப்பாய் ஒரு கட்டம் வந்தது. நாகப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இந்தக் கோப்பு உங்கள் சாதனத்துக்குத் தீங்கு விளைவிக்கலாம்."

"பாத்தியா," என்றார் திருப்தியாக. "காண்ட்ராக்டர் குடுத்ததுன்னு அதுக்கே தெரிஞ்சிகிச்சு."

ரஞ்சன் இன்னும் இரண்டு தடவை முயன்றான். இரண்டாவது தடவையில் போன் சிவப்புக் கட்டத்தோடு, 'இடம் போதவில்லை' என்று இன்னொரு கட்டத்தையும் காட்டியது. மூன்றாவது தடவை, இனி இப்படி எதையும் ஏற்ற மாட்டேன் என்று ஒரேயடியாய்ப் பூட்டிக்கொண்டது.

"நாளைக்கு ஷாப் போங்க தாத்தா," என்றான் ரஞ்சன் பரிதாபமாக. "நான் கொஞ்சம் கெடுத்துட்டான்."

"நீ ஒண்ணியும் கெடுக்கலை. ராசா மாதிரி சோறு போட்டே," என்றார் நாகப்பன். அன்று அவர் வீட்டுக்குத் திரும்பும்போது கொடியில் துணி இருந்தது. எண்ணவில்லை.

*

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டில் மாசானத்தின் மொபைல் கடை முன் நின்றார். மாசானம் நாங்குநேரிப் பக்கத்து ஆள். கடைக்காரர்கள் நல்ல உதிரியைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிடுவார்கள் என்று நாகப்பன் கேள்விப்பட்டிருந்தார். போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, அதன் மேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, வெரல எடுத்தாத்தான் நான் அமுக்க முடியும்," என்றான் மாசானம்.

"நீ அமுக்கு. நான் ஓரமாத்தான் வெச்சிகினு கீறேன்."

"இந்த நீலப் போனு இந்த வாரத்துல நாலாவது. என்ன கிரகத்துக்கு இத வாங்கிக் குடுத்தாம்னு தெரியல. எதத் தொட்டீய?"

"ஒண்ணியும் தொடலை."

"வாரவொ எல்லாரும் இதத்தான் சொல்லுதாவொ." மாசானம் பார்த்துக்கொண்டே போனான். "எடம் எப்பிடி இருக்கும்? மூணு கேமு ஏத்தி வெச்சிருக்கீய. பஸ்ஸு ஓட்டுதது, கோழி சுடுதது, மிட்டாய் ஒடைக்குதது. இந்த வயசுல கோழி சுடுதீயளா அண்ணாச்சி?"

"நான் எங்கப்பா சுட்டேன். அந்தக் காண்ட்ராக்டர் ஏத்திக் குடுத்திருப்பான். நாம விளையாடறத அவன் அங்கேர்ந்து பாப்பான்."

மூன்றையும் மாசானம் அழித்தான். இடம் வந்தது. பூட்டுத்தான் திறக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஆப்பை ஏற்ற அனுமதிக்கும் இடத்தைத் தேடினான். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தொட்டால் அசையவில்லை.

"ஒளிச்சு வெச்சிருக்கான். அதுக்கும் வழி இருக்கு," என்று போனைப் பற்றிய விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போய், கடைசியில் இருந்த ஒரு நம்பரை டொக் டொக்கென்று ஏழு தடவை தட்டினான்.

"அது இன்னா கோயில் உண்டியலா, தட்டிகினே கீறே?"

திரையில் எழுத்து வந்தது. நாகப்பன் படித்தார். "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்."

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. "எப்பா, என் வேலைய மாத்திடாத. கார்டுல ஹவுஸ்கீப்பிங்னு கீது. திங்கக்கெழம ஆபரேஷன்."

"யாருக்கு?"

"என் வூட்டுக்காரிக்கு. முட்டி."

மாசானம் நிமிர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. ஒளிந்திருந்த பக்கம் திறந்தது. நூறு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். மாசானம் வேகமாய் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினான். அதற்குள் சார்ஜர் கேட்டு ஒருவன் வந்தான். அவனுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே மூன்றாவதைத் தள்ளினான்.

போனில் எல்லாம் இடம் மாறிவிட்டது. இடப்பக்கம் இருந்ததெல்லாம் வலப்பக்கம். வலப்பக்கம் இருந்ததெல்லாம் இடப்பக்கம். வரியெல்லாம் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. போதாததற்குத் தொடுகிற இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. திரையின் ஓரம் சிவப்பாய் மின்னி மின்னி அணைந்தது.

"இன்னாப்பா, ஆம்புலன்ஸ் மாதிரி கீது."

மாசானம் தள்ளிய தாழ்ப்பாளைத் தேடினான். அது எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. சார்ஜர் வாங்கியவனும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நான் கெடுத்துட்டேன். எதத் தள்ளுனேம்னு எனக்கே தெரியல," என்றான் மாசானம். நெற்றியில் வியர்வை.

நாகப்பன் அவனையே பார்த்தார். ஐம்பத்தொன்பது வருஷத்தில், நான் கெடுத்துவிட்டேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்ன கடைக்காரன் இவன்தான். திட்டுவதற்கென்று வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கோ போய்விட்டது. விரலைப் போனிலிருந்து எடுத்தார்.

"எங்க தரை துடைக்கிற மிஷின்ல ஒரு செவப்பு பட்டன் கீது," என்றார். "தண்ணி வராது, பிரஷ் சுத்தாது, எவன் எதத் திருவினான்னே தெரியாது. அப்போ அத அமுக்கிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம். இதுல அப்பிடி ஒண்ணு வெக்கலியா?"

மாசானம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இருக்கு அண்ணாச்சி. அமைப்ப எல்லாம் மட்டும் பழையபடி ஆக்குதது ஒண்ணு இருக்கு. எனக்கு ஏன் தோணல?"

"நீ படிச்சவன். அதான்."

அமுக்கினான். போன் அணைந்து எரிந்தது. இடது இடதாயிற்று, வலது வலதாயிற்று. மின்னல் நின்றது. செத்துக் கிடந்த அனுமதிக்கு உயிர் வந்தது. மாசானம் கடை வைஃபையில் சீட்டைப் படம் பிடித்தான். நீல வட்டம் சுற்றியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'நிறுவப்பட்டது' என்று வந்தது.

"எவ்ளோப்பா?" என்றார் நாகப்பன்.

"ஒண்ணும் வேண்டாம். நானே கெடுத்து நானே சரி பண்ணி அதுக்குக் கூலி வாங்குனா வெளங்குமா? அக்காளுக்கு முட்டி நல்லாவட்டும். ஓடுங்க, மணி ஒண்ணேகால்."

சார்ஜர் வாங்க வந்தவன், தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டான். அவன் பெயரைக்கூட நாகப்பன் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவன் வண்டியில் ஏறியதை நினைத்து அவருக்கே ஆச்சரியமாயிருந்தது.

*

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் சசிரேகா மேஜை போட்டிருந்தாள். இரண்டு மணி ஷிப்ட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மணி ஒன்று முப்பத்தெட்டு.

"கடைசி ஆளு நீங்கதான் ஐயா. எல்லாரும் பதிஞ்சாச்சு. எண்ணப் போடுங்க."

நாகப்பன் ஆள் எண்ணைப் போட்டார். 'உங்கள் இருப்பிடத்தைக் கண்டறிய முடியவில்லை' என்றது ஆப்.

"நான் இங்கதானேம்மா கீறேன். அது எங்க தேடுது?"

"லொகேஷன் ஆஃப்ல இருக்கு. எல்லாத்தியும் அழிச்சு வெச்சிருக்கீங்க. எதத் தொட்டீங்க?"

"சத்தியமா நான் ஒண்ணியும் தொடலைம்மா. கேட்டுல வாங்கன கையோட அது பேச ஆரம்பிச்சிது. அங்கேர்ந்து வந்த வினை."

"சரி சரி," என்றாள் சசிரேகா, யாரும் நம்பாத குரலில்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "அய்யா, ஒரு நிமிசம்."

நாகப்பன் திரும்பினார். உச்சிமாகாளி. அதே ஹவுஸ்கீப்பிங்கில் மத்தியான ஷிப்ட்டுக்கு வருகிறவள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். முகம் தெரியும், பேசியதில்லை.

"வரிசையில வாம்மா. நான் காலையிலேர்ந்து அலையறேன்."

"இல்லய்யா, அந்தப் போனு—"

"இந்தப் போனப் பத்தி நீயுமா? ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிட்டாங்கம்மா. தயவுபண்ணி இரு."

அவள் நின்றாள். சசிரேகா இருப்பிடத்தைப் போட்டுக் கொடுத்தாள். வட்டத்துக்குள் நாகப்பனின் முகம் வந்தது. மணி ஒன்று நாற்பத்தொன்பது.

"நேராப் பாருங்க. கண்ண மூடித் தெறங்க. ஆங், பச்ச வந்துச்சு. இன்னும் ஒண்ணுதான். சிரிங்க."

"இன்னாது?"

"சிரிக்கச் சொல்லுது ஐயா. போட்டோவக் காட்டி ஏமாத்தறாங்கன்னு, உசுரோட கீற ஆளான்னு பாக்க."

நாகப்பன் உதட்டை இழுத்தார். 'புன்னகைக்கவும்' என்றது. இன்னும் இழுத்தார். 'புன்னகைக்கவும்.' கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்காத மனுஷன். பல்லைக் காட்டினார். 'முகம் தெளிவாக இல்லை' என்றது. ஒன்று ஐம்பத்தைந்து.

"பல்லு வலி மாதிரி கீது ஐயா. நெசமா சிரிங்க. நல்லது எதியாவது நெனைச்சிப் பாருங்க. அப்புறம் சர்வர் மூடிட்டான்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நல்லது எதையாவது. நாகப்பன் யோசித்தார். அவசரத்துக்கு நல்லது எங்கே வரும்? கரண்டியோடு நின்ற ரஞ்சன் வந்தான். தாத்தாவுக்கு எங்கள் பாஷைமேல் ஆசை என்று ஆறு பேரும் பூரித்துப்போனது வந்தது. நான் கெடுத்துட்டேன் என்று வியர்த்து நின்ற மாசானம் வந்தான். பெயர் தெரியாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டவனின் முதுகு வந்தது. பஸ்ஸில் கை தட்டிய முப்பது பேர் வந்தார்கள். திங்கட்கிழமை கழித்து, தாயாரம்மாள் எழுந்து நடந்துபோய் அந்த வெல்டர்களுக்கு ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொடுப்பது வந்தது. ஒரு நாளில் இத்தனை பேரா? தான் ஒருவரையும் நம்பாமல் கழித்த அத்தனை வருஷத்தை நினைத்து அவருக்கே வேடிக்கையாய் இருந்தது.

போன் டிங் என்றது. பச்சை டிக். 'நாகப்பன், பதிவு முடிந்தது.' மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"அப்பாடி," என்று சசிரேகா நாற்காலியில் சாய்ந்தாள்.

நாகப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும்," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து கேட்டில் யாரும் கேட்டதில்லை. செக்யூரிட்டிகூட எட்டிப் பார்த்தான். நாகப்பன் போனைக் கையில் வைத்துத் தடவிக் கொடுத்து, "நீயும்தான்," என்று அதற்கும் ஒரு நன்றி சொன்னார்.

பிறகு ஞாபகம் வந்து திரும்பினார். உச்சிமாகாளி அங்கேயே, அதே இடத்தில், கையைப் பின்னால் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிக்கோம்மா, அவசரத்துல கத்திட்டேன். உனக்கும் போன் தகராறா? இன்னா வேணும் சொல்லு."

அவள் பின்னாலிருந்த கையை முன்னால் நீட்டினாள். அதில் அதேபோல் ஒரு நீலப் போன் இருந்தது.

"அய்யா, நீங்க சொன்னது நெசம், நீங்க ஒண்ணும் தொடல, மூணு மாசமா கத்திக்கிட்டுக் கெடந்தது எம் போனு, கேட்டுல மாத்திக் குடுத்துட்டாவொ, ஒங்க போனுல நான் நேத்தே ரெண்டு நிமிசத்துல மொகம் பதிஞ்சிட்டேன்."